ஓரம் வெட்டிய படம்

வெள்ளைச்சாமி வீட்டு வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததுமே எனக்கு வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. காதணி விழாவாம். காது குத்திக்கொண்ட குழந்தையின் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. மீதி இடம் முழுக்க மீசை. குழந்தையின் அப்பா வெள்ளைச்சாமி மட்டும் மூன்று இடத்தில் நின்றார். ஒன்றில் கூலிங்கிளாஸ், ஒன்றில் செல்போன், ஒன்றில் யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் மண்டி நடத்துகிற மனிதருக்கு இத்தனை போஸ் எதற்கு என்று ஆலங்குடியில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"பெலிக்சு, வாயை மூடிக்கிட்டு வா" என்றார் கார்முகில் மேடம், ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டபடி.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே மேடம்."

"ஒன் மூஞ்சி சொல்லுது."

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். மூளை மேடத்துடையது. வாய் என்னுடையது. வருகிற வழக்குகளில் பாதி, மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிப்பது. குடிப்பான். மீதி, சித்தன்னவாசலுக்கு யார் யாரோடு போகிறார்கள் என்று பாறைக்குப் பின்னால் நின்று பார்ப்பது. நகைத் திருட்டு என்று ஃபோன் வந்ததும் எனக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ஃப்ளெக்ஸ் வரைக்கும்தான் நீடித்தது.

கேட்டுக்கு உள்ளே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, வெயிலில் ஒரு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. எதிர்ச்சாரியில் ஏழெட்டுப் பெண்கள் சாயங்கால சீரியலுக்கு இடம் பிடித்த மாதிரி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "வாங்கம்மா வாங்க. திருடுனவ இந்தா உக்காந்திருக்கா. பேரு சின்னப்பிள்ளை. நம்ம வீட்டு வேலைக்காரி. எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

"திருடுனது யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களா சார்? அப்ப எங்க போர்டை நீங்களே மாட்டிக்கலாமே" என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

விஷயம் இதுதான். நேற்று பெரிய மண்டபத்தில் வெள்ளைச்சாமி மகளுக்குக் காதணி விழா. வீட்டில் எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். காவலுக்கும் பாத்திரம் கழுவவும் சின்னப்பிள்ளையம்மா மட்டும் இருந்தார். எல்லோரும் திரும்பி வந்து பார்த்தால் பீரோ திறந்து கிடந்தது. வெள்ளைச்சாமியின் காலமான தாயாருடைய பழைய அட்டிகையைக் காணோம்.

"வேற என்ன போச்சு?" என்று கேட்டார் மேடம்.

"வேற ஒண்ணும் போகலை. பக்கத்துலயே ரெண்டு செயின், வளையல் எல்லாம் இருக்கு. அப்படியே கெடக்கு."

"அதெல்லாம் அட்டிகையை விடப் புதுசா?"

"புதுசும்தான், கனமும்தான். அவசரத்துல கைக்குக் கெடைச்சதை உருவிட்டுப் போயிருப்பா. இவளுக்கு என்ன தெரியும் கனம், கனமில்லாததுன்னு?"

வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பித்தளைச் சொம்பின் எடையும் தெரிந்த பெண்ணுக்கு நகையின் கனம் தெரியாதாம். இந்த மனிதர்தான் தேங்காயைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா ஸ்டேஷன்தான்" என்று சின்னப்பிள்ளையம்மா பக்கம் திரும்பிக் கத்தினார். "கேக்குதாடி? ஸ்டேஷனுக்குப் போலாம் வாடின்னு இழுத்துக்கிட்டுப் போயிருவேன்."

மேடம் அவருக்குப் பதில் சொல்லாமல் நேரே போய் சின்னப்பிள்ளையம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எதிர்ச்சாரிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"எறங்கலைங்க."

"நேத்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"அண்டா, குண்டான் எல்லாம் தேய்ச்சுப் போடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கூடத்துல டிவியில விசேஷம் நேரடியா ஓடுச்சு. கேபிள்காரங்க போட்டாங்க. பாப்பாவ தாய்மாமன் மடியில உக்கார வச்ச வரைக்கும் பாத்தேன். அதுக்கு மேல நின்னா வேலை கெடக்குமேன்னு டிவிய ஓட விட்டுட்டுக் கொல்லைக்குப் போயிட்டேன். அண்டாவத் தேய்ச்சுப்புட்டு வந்து பாத்தா டிவி நின்னு கெடக்கு. கரண்டு போயிருச்சாக்கும்னு பாத்தேன். ஃபேன் ஓடுது. சுவத்துல சுவிட்சையே அணைச்சிருந்துச்சு. நான் அணைக்கலைங்க."

வெள்ளைச்சாமி இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "கேட்டீங்களா கதைய? திருட வந்தவன் எனக்குக் கரண்டு பில்லு மிச்சம் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருக்கான்!"

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் சொல்ல நினைத்த நக்கலை இந்த ஆள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

"எனக்கு வேலை போனாப் போவுதுங்க" என்றார் சின்னப்பிள்ளையம்மா, மேடத்தை மட்டும் பார்த்து. "திருட்டுக்கு ஸ்டேஷன் போனவன்னு ஒரு பேரு ஒட்டிக்கிச்சுன்னா, இந்த ஊர்ல ஒரு வாசல்லயும் என்னைய நிக்க விட மாட்டாங்க. நாலு வீட்டு வேலையிலதான் மகளை நர்சுக்குப் படிக்க வைக்கிறேன். இந்தா, அங்கிட்டு நிக்கிறாங்கல்ல, அதுல ரெண்டு பேரு நான் வேலை பாக்குற வீட்டுக்காரங்க. காலையிலேருந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தி கேட்டைத் தாண்டி வந்து என்னன்னு கேக்கலை."

மேடம் அவர் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்தார்.

கூடத்தில் வெள்ளைச்சாமியின் மனைவி புவனேஸ்வரி பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் சோபாவில் இருந்தார். பீரோ சாவி எங்கே இருக்கும் என்று மேடம் கேட்டார். முருகன் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குமாம். காலம் காலமாக அங்கேதான். வீட்டு ஆட்களுக்குத் தெரியும், வேலைக்காரிக்கும் தெரியும் என்றார்.

"நகை போனதுகூட ஒரு பக்கம் கெடக்கட்டும் மேடம்" என்று புவனேஸ்வரி திடீரென்று பொங்கினார். "அந்தக் கேபிள்காரன் பண்ணுன வேலையச் சொல்லுங்க. டிவியில படத்துக்குக் கீழ, வாழ்த்துறவங்க பேரு எழுத்தா ஓடிச்சு. மொதல்ல ரைஸ்மில்லுக்காரரு. ரெண்டாவது பைனான்ஸ்காரரு. மூணாவது இவரோட அண்ணன். நாலாவதுதான் எங்க அண்ணன் பேரு! தாய்மாமன்! லாரி வச்சுச் சீர் கொண்டாந்தவரு! வராத பங்காளிக்கு மூணு, வந்த மாமனுக்கு நாலா?"

"ஐயோ பாவம்" என்றேன்.

"மடியில பிள்ளைய வச்ச ஒடனே எங்க அக்கா மகன் ஃபோன் போட்டுச் சொன்னான். மேடையில நின்னுக்கிட்டே கேபிள் ஆபீஸுக்குப் பேசி அம்புட்டுப் பேரையும் தூக்க வச்சேன். ஆசாரி ரெண்டாவது காதைக் குத்துறதுக்குள்ள தூக்கிட்டான்."

குழந்தை மடியில் அழுதுகொண்டிருக்க, அம்மா மேடையில் நின்று பெயர் வரிசைக்காகச் சண்டை போட்டிருக்கிறார். சபாஷ் என்று மனசுக்குள் ஒரு சல்யூட் வைத்தேன்.

"வராத பங்காளின்னீங்களே?" என்றார் மேடம்.

"இவரோட கூடப்பொறந்த அண்ணன் சிவசாமி. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. பத்திரிகைய நாங்க ரெண்டு பேரும் தட்டுல வச்சு நேர்ல போயிக் குடுக்கலையாம். மண்டி ஆளுக்கிட்டக் குடுத்துவிட்டோமாம். அதுக்குக் கோவிச்சுக்கிட்டு வாசப்படி தாண்ட மாட்டேன்னுட்டாரு."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஸ்கூட்டி சாவியைப் பார்த்தேன்.

சிவசாமி முன்பு கடலை வியாபாரம் பார்த்தவர். இப்போது சும்மா இருப்பதை ஒரு வேலையாகப் பார்க்கிறார். மகன் சிங்கப்பூரில். அவன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் கூடத்தின் நடுவில், சாமி அலமாரியைவிட உயரமான ஒரு மேஜை மேல் இருந்தது. பெரிய திரை. அதில் உள்ளூர் கேபிள் சேனலில் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிவசாமி ஸ்டூலில் காலை நீட்டி முட்டியில் தைலம் தேய்த்தபடி இருந்தார்.

"நகை போச்சுன்னு சொல்லி என்னைய விசாரிக்க வந்துட்டீங்களாக்கும்? நல்லா விசாரிங்க. ஏ அமிர்தவல்லி, தேத்தண்ணி கொண்டா."

அவர் மனைவி அமிர்தவல்லி கொண்டுவந்தார். டம்ளரை வைத்தவர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

"டிவிய கம்ப்யூட்டர்ல பாக்குறீங்களா சார்?" என்று கேட்டேன். புதுக்கோட்டையில் ஒரு கேபிள் ஆபீஸில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் நான். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் பெருமை அடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுக்காமல் இருக்க மாட்டேன்.

அவ்வளவுதான், மனிதர் மலர்ந்துவிட்டார். "டிவிப் பொட்டிய தை மாசமே தூக்கிக் குடுத்துட்டேன் தம்பி. இந்த வீட்டுல இப்ப டிவின்னு ஒண்ணு கெடையாது. செட்டாப் பாக்ஸ்லேருந்து வயரு, வயர்லேருந்து பின்னால சொருகியிருக்கிற இந்தக் குச்சி, குச்சியிலேருந்து நேரா கம்ப்யூட்டர். ஆனா மொதல்ல படம் கண்றாவியா இருந்துச்சு. மேல ஒரு வெள்ளைக் கோடு துடிச்சுக்கிட்டே கெடக்கும். ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை."

"டிவியில அந்த ஓரமெல்லாம் சட்டத்துக்குப் பின்னால மறைஞ்சிரும் சார். கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை தெரியாது. அனுப்புறதை அப்படியே காட்டிரும்."

"அதே அதே! இங்க ஜெபக்குமார்னு ஒரு பய, கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறவன். அவனைக் கூப்புட்டு, நமக்கு எது வேணுமோ அது மட்டும் தெரியட்டும், மிச்சத்தை வெட்டித் தள்ளுடான்னேன். மேல, கீழ, ரெண்டு பக்கம், எல்லா ஓரத்தையும் வெட்டிட்டான். எப்ப போட்டாலும் வெட்டுனபடிதான் வரும். இந்த ஊர்ல எவன் வீட்டுலயாவது இப்படிச் சுத்தமா ஒரு படம் தெரியுதான்னு காட்டுங்க பாப்போம்."

பார்த்தேன். திரையில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். கூட ஆடிய கூட்டத்தில் யாருக்கும் முட்டிக்குக் கீழே எதுவும் இல்லை. முட்டிவலிக்காரர் வீட்டுக்குப் பொருத்தமான நடனம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நேத்து நீங்க எங்க இருந்தீங்க?" மேடம் டீயைத் தொடவில்லை.

"இதே நாற்காலி. வாசப்படிகூடத் தாண்டலை. எந்திரிச்சு நடந்தா முட்டி ரெண்டும் கழண்டு போவும்."

"வீட்டம்மா?"

"அவ அவுக அக்கா வீட்டுக்கு வல்லத்திராக்கோட்டை போயிட்டு ராத்திரிதான் வந்தா."

"உங்க தம்பி வீட்டு விசேஷத்தைப் பாத்தீங்களா?"

"எனக்கு வேற பொழப்பு இல்லையா?"

"இல்லைங்க, உங்க பேரையெல்லாம் ரொம்ப மரியாதையா வாழ்த்துல போட்டிருந்தாங்களாமே. அதான் கேட்டேன்."

சிவசாமியின் முகம் கருத்தது. தைலப் புட்டியை ணங்கென்று கீழே வைத்தார்.

"மரியாதையா? எது மரியாதை? மூணாவதா போட்டிருக்கான்ம்மா என் பேரை! ரைஸ்மில்லுக்காரன் மொதல்ல. வட்டிக்கு விடுறவன் ரெண்டாவது. ஒரே வயித்துல பொறந்த அண்ணன் மூணாவதா? அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவன்ம்மா நான்!"

"யாரோ ஏதோ சொன்னதை வச்சுக் கோவப்படாதீங்க. மாத்திச் சொல்லியிருப்பாங்க."

"எவன் சொல்லணும் எனக்கு? எவன்கிட்டயும் நேத்துலேருந்து நான் ஒரு வார்த்தை பேசலை. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். பாத்த ஒடனே வயிறு எரிஞ்சு போயி படக்குன்னு அணைச்சுப்புட்டேன்."

மேடம் கைகூப்பினார். "சரிங்கய்யா. வாரோம்."

தெருவுக்கு வந்ததும் நான் தீர்ப்பு வாசித்தேன். "மேடம், ஆளு அற்பம். ஆனா திருடன் இல்லை. அந்தப் பேரெல்லாம் ஓடுனது கொஞ்ச நேரம்தான். பிள்ளைய மடியில வச்சதுக்கு அப்பறம் தூக்கிட்டாங்க. அதைப் பாத்திருக்காருன்னா அந்த நேரத்துல இவரு கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருந்திருக்காரு. திருட்டும் அதே நேரத்துலதான். ஒரே ஆளு ரெண்டு எடத்துல இருக்க முடியாது. அவ்வளவு மூளையும் அவருக்கு இல்லை."

மேடம் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றார். "அந்தப் பாட்டுல ஆடுச்சே ஒரு பொண்ணு, அது என்ன கலர் செருப்பு போட்டிருந்துச்சு?"

"செருப்பா? அங்க காலே தெரியலை மேடம். முட்டியோட படம் முடிஞ்சு போச்சு."

"அப்ப அந்தக் காலுக்கும் கீழ ஓடுற பேரு அவருக்கு எப்படிய்யா தெரிஞ்சுச்சு?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். கேபிள் ஆபீஸில் வேலை பார்த்தவன், அந்த எழுத்தை எத்தனையோ நாள் என் கையாலேயே ஓட விட்டவன், படத்தின் அடி ஓரம் வெட்டுப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து நக்கலும் அடித்துவிட்டு, அதே வீட்டில் அந்த எழுத்தைப் படித்ததாக ஒருவன் சொன்னதை நம்பியிருக்கிறேன். ஊரில் எல்லோரையும் மட்டமாக நினைக்கிற எனக்கு அன்றைக்கு என்னைப் பற்றியும் அதே அபிப்பிராயம்தான்.

"இந்த வீட்டுல டிவி கெடையாது. மனுசன் வாசப்படி தாண்டலை. எவனும் சொல்லவும் இல்லை" என்றார் மேடம். "ஆனா டிவியில பாத்து, கோவத்துல அணைச்சிருக்காரு. நேத்து அந்த நேரத்துல எந்த வீட்டு டிவி அணைஞ்சுச்சுன்னு நமக்குத் தெரியுமுல்ல?"

"திருட வந்த எடத்துல பேரு வரிசை சரியில்லைன்னு டிவிய அணைச்சிட்டுப் போனானா?"

"இந்தக் குடும்பத்துல நடக்கும்."

நடக்கும். புவனேஸ்வரி மேடையிலிருந்து செய்ததை இவர் பீரோ பக்கத்திலிருந்து செய்திருக்கிறார். ஒரே ரத்தம் இல்லாவிட்டாலும் ஒரே வியாதி.

திரும்பவும் உள்ளே போனோம். சிவசாமி நிமிர்ந்து பார்த்தார். இப்போது நின்றுகொண்டிருந்தார். முட்டிகள் இரண்டும் அதனதன் இடத்திலேயே இருந்தன.

"ஒரே ஒரு உதவிங்கய்யா" என்றார் மேடம். "இந்தப் படத்துல கீழ் ஓரம் வெட்டியிருக்குல்ல, அதைக் கொஞ்சம் எடுத்துவிட்டுக் காட்டுங்க. கீழ என்ன எழுத்து ஓடுதுன்னு நானும் படிக்கணும்."

"அது... அதெல்லாம் ஓடாது. வெட்டியாச்சு."

"நேத்து படிச்சேன்னீங்க?"

சிவசாமி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நேத்து எடுத்துவிட்டிருந்தேன். அப்பறம் மறுபடி வெட்டிட்டேன்."

"அப்படியா? சரி, எப்படின்னு செஞ்சு காட்டுங்க. நானும் தெரிஞ்சுக்குறேன்."

மனிதர் மவுஸைப் பிடித்தார். எங்கோ அழுத்தினார். பாட்டுச் சத்தம் போய்விட்டது. வேறு எங்கோ அழுத்தினார். கால்குலேட்டர் வந்து நின்றது. அதை மூடத் தெரியாமல் இன்னொரு கால்குலேட்டரையும் திறந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. இப்படி ஒரு காட்சிக்கு டிக்கெட் போட்டால்கூட நான் வாங்கியிருப்பேன்.

மேஜை ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஜெபக்குமாரின் நம்பர் இருந்தது. ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, எந்த வீட்டிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன்.

"யாரு, சிவசாமி அய்யா வீடா? இப்ப என்னண்ணே ஆச்சு?" என்றான் ஜெபக்குமார் சலிப்போடு. "ஓரமா? தை மாசம் நான்தாண்ணே வெட்டி செட் பண்ணுனேன். அவரு எப்படிண்ணே எடுப்பாரு? சவுண்டு கூட்டணும்னாலே எனக்குத்தான் ஃபோன் வரும். போன மாசம் கர்சரைக் காணோம்னு கூப்புட்டாருண்ணே. மவுஸு கீழ விழுந்து கெடந்துச்சு."

நன்றி சொல்லி வைத்தேன். பிறகு மவுஸை வாங்கி, வெட்டு செட்டிங்கை எடுத்துவிட்டேன். படம் சுருங்கி உள்ளே போனது. மேலே வெள்ளைக் கோடு துடித்தது, பக்கவாட்டில் கருப்புப் பட்டை வந்தது, ஆடுகிறவர்களுக்கெல்லாம் கால் முளைத்தது. அந்தக் கால்களுக்குக் கீழே, ஒரு ஓட்டல் திறப்பு விழாவுக்கு வாழ்த்துச் சொல்கிறவர்களின் பெயர்கள் வரிசையாக ஓடின. சிவசாமி அதை வெறித்துப் பார்த்தார். தை மாசத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அந்த எழுத்து தெரிவது இதுதான் முதல் தடவை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"நேத்து நீங்க அணைச்சது இதை இல்லைங்கய்யா" என்றார் மேடம். "உங்க தம்பி வீட்டு டிவியை. கொல்லையில அந்தம்மா அண்டா தேய்க்கிற சத்தம் கேட்டிருக்கும். முருகன் படத்துக்குப் பின்னால சாவி. செயினு, வளையல் எதையும் தொடலை. அட்டிகைய மட்டும் எடுத்திருக்கீங்க. எடுத்துட்டுப் போகையில டிவியில உங்க பேரு மூணாவதா ஓடியிருக்கு. பொறுக்க முடியலை."

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க! நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். மூணாவது" என்றேன்.

அடிக்கக் கை ஓங்கினார். அதற்குள் உள்ளேயிருந்து ஏதோ பறந்து வந்து மேஜை மேல் விழுந்தது. அட்டிகை. இடுக்குகளில் அரிசி ஒட்டியிருந்தது.

அமிர்தவல்லி நிலைப்படியில் நின்றார். "அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தாரும்மா. காலையில ஒலைக்கு அளக்கையில கையில தட்டுச்சு. வாயைத் தொறந்தா வெட்டிப்புடுவேன்னாரு. அந்தச் சின்னப்பிள்ளைய அடிக்கிறாங்கன்னு தெருவே பேசுது. எனக்கு ஒரு வாய் தண்ணி எறங்கலை. தூ! நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"எங்காத்தா அட்டிகைடி அது!" சிவசாமியின் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "மூத்த மருமவ ஒனக்கு வரவேண்டியது! அவன் பொண்டாட்டி பீரோவுல பூட்டி வச்சுக்கிட்டு, எனக்கு ஆள்கிட்டப் பத்திரிகை குடுத்துவிடுறான். நான் எடுத்தா அது திருட்டா?"

"திருட்டு இல்லைன்னா, காலையிலேயே போயி நான்தான் எடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் மேடம். "அங்க ஒருத்திய வெயில்ல உக்கார வச்சு அடிச்சுக்கிட்டிருக்காங்க. ரெண்டு தெருதான். அவ அழுகுறது இங்க வரைக்கும் கேட்டிருக்குமே."

சிவசாமி ஸ்டூலை இழுத்துப்போட்டு மறுபடி காலை நீட்டிக்கொண்டார். வெட்கக்கேடு.

தன் வீட்டு வாசலில் வெள்ளைச்சாமி அட்டிகையைக் கையில் வாங்கியபோது முகம் பிரகாசித்தது. எடுத்தது யார் என்று மேடம் சொன்னதும் வாடியது. அண்ணன் பெயரைக் கேட்டு நெஞ்சு நொந்துபோனார் என்று நினைத்தால் நம்மைவிட முட்டாள் யாருமில்லை. அவர் செய்த முதல் காரியம் எட்டிப் போய்க் கேட்டைச் சாத்தியதுதான். எதிர்ச்சாரிப் பெண்கள் எக்கிப் பார்த்தார்கள்.

"மேடம், மெதுவாப் பேசுங்க" என்றார். "கூடப்பொறந்த அண்ணனே திருடுனான்னு தெரிஞ்சா ஊரு காறித் துப்பும். விசேஷம் முடிஞ்சு ஃப்ளெக்ஸ்கூட இன்னும் அவுக்கலை. ஒண்ணு செய்வோம். பீரோ இடுக்குல விழுந்து கெடந்துச்சு, இப்பத்தான் பாத்தோம்னு சொல்லிருவோம். முடிஞ்சு போச்சு."

"அவ மெரண்டு போயித் திருப்பி வச்சுட்டான்னுதானே இவங்கல்லாம் பேசுவாங்க?" என்று தெருவைக் காட்டினார் மேடம்.

"பேசுறவங்க ரெண்டு நாளு பேசுவாங்க."

"அடிச்சீங்களே?"

"அதுக்கென்ன இப்ப? ஒரு சேலை எடுத்துக் குடுத்தாப் போச்சு."

"புதுசு எதுக்கு? உள்ள நான் கட்டாததே நெறையக் கெடக்கு" என்றார் பின்னாலேயே வந்து நின்ற புவனேஸ்வரி.

எனக்குக் காது சூடாகிவிட்டது. நக்கலாகச் சொல்ல ஒரு வார்த்தைகூட வரவில்லை. சொல்லியிருந்தாலும் அது இவர்களுக்கு உறைத்திருக்காது. மேடம் அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுச் சின்னப்பிள்ளையம்மாவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன செய்யணும்?"

சின்னப்பிள்ளையம்மா கையை ஊன்றி எழுந்தார். காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போய் ஒரு கணம் தடுமாறினார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே போய், வெள்ளைச்சாமி சாத்திய கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

"ஏன் சின்னப்பிள்ளை, எங்க போறே? உள்ள வா" என்றார் வெள்ளைச்சாமி. அன்றைக்கு அவர் சின்னப்பிள்ளையம்மாவை 'டி' போடாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சின்னப்பிள்ளையம்மா தெரு முழுக்கக் கேட்கிற குரலில் பேசினார்.

"காலையிலேருந்து ஸ்டேஷனுக்குப் போலாம் வாடி, ஸ்டேஷனுக்குப் போலாம் வாடின்னீங்களேய்யா. இப்ப நான் கூப்புடுறேன். வாங்க, போவோம். அட்டிகைய எடுத்தது யாருன்னு நீங்க சொல்லுங்க. என்னைய அடிச்சது யாருன்னு நான் சொல்றேன்."

சொல்லிவிட்டு, வெள்ளைச்சாமி வருகிறாரா என்று திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார்.